பதினொன்றால் வகுத்தால் மீதி ஆறு

பத்தொன்பது இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று. இந்த எண்ணைப் பதினொன்றால் வகுத்தால் மீதி ஆறு வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை அரை நிமிடத்தில் செய்துவிடும் கணக்கு. நாற்பது வருடம் கணிதம் படிப்பித்த நான் அதைப் பிழையாகச் செய்தேன். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று, சிரித்துக்கொண்டு செய்தேன். பிழை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அதை வாய் திறந்து சொல்ல மூன்று வருடம் எடுத்தது.

எங்கள் வாசிப்பு வட்டம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாதம் ஒரு முறை கூடும். ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள், கணக்காளர்கள், வங்கி முகாமையாளர்கள், என்னைப்போல ஓய்வுபெற்றும் ஓயாத ஆசிரியர்கள். வாசிப்பு வட்டம் என்பது பெயர்தான். வாசித்துவிட்டு வருகிறவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் பொரித்த ரோல்ஸுக்கும் பால் விடாத பிளேன்ரீக்கும் வருகிறார்கள். ரோல்ஸ் பிந்தினால் கூட்டத்தில் ஓர் அமைதியின்மை தெரியும், பேச்சாளர் பிந்தினால் தெரியாது.

எண்களைப் பற்றி இந்தக் கனவான்களுக்குத் தெரிந்த வகைப்பாடு ஒன்றுதான்: நல்ல எண், கூடாத எண். பாலங்கள் கட்டிய பொறியியலாளர் ஒருவர் கடல் தெரியும் நல்லதொரு ஃபிளாட்டை வேண்டாம் என்று விட்டார். கதவிலக்கத்தைக் கூட்டினால் எட்டு வந்ததாம். அந்தப் பாலங்களின் நீளத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தாரா என்று கேட்டேன். ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவர்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் எண்ணை எண்ணாகப் பார்க்கிறவன் என்று நினைத்திருந்தேன். இந்த நினைப்புத்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பேச வேண்டியவர் பேரப்பிள்ளையைப் பார்க்கக் கனடாவுக்குப் போய்விட்டார். செயலாளர் கையில் பல மாதமாகக் கிடந்த ஒரு கடிதத்தைத் தூசு தட்டி எடுத்தார். எழுதியவர் கொட்டாஞ்சேனையில் இருப்பவர். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். லொறியில் வந்து இறங்கும் பெட்டிகளின் இலக்கங்களைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. ஓர் எண்ணைப் பற்றிப் பேச அனுமதி கேட்டிருந்தார்.

"ஒரு எண்ணைப் பற்றியோ? ஒன்றே ஒன்றோ?" என்று நான் கேட்டேன்.

"ஓம் சேர். முழுக் கடிதத்திலயும் ஒரே ஒரு எண்தான்" என்றார் செயலாளர். "பதினைஞ்சு நிமிசம் விடுவம். ரோல்ஸ் வரும் மட்டும்."

கடிதம் எழுதியவர் மனைவியோடு வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மனைவி கடைசி வரிசையில் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பைக்குள் தடித்த அட்டை போட்ட சீஆர் கணக்குக் கொப்பிகள் இருந்தன. கணவர் மேடையேறி வாயைத் திறந்ததும் முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவரின் தமிழ். நானும் பார்த்துக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை. என் இளக்காரம் முதலில் வந்தது, கணக்கு பிறகுதான் வந்தது.

"ஒரு பெட்டிக்கு ஆறு இலக்கம் இருக்கும்ங்க" என்று தொடங்கினார். "ஏழாவது இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள இருக்கும். முன்னால உள்ளதெல்லாம் சரியா எழுதியிருக்கான்னு பாக்கிறதுக்கு அது. லொறி வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாதுங்களே. இலக்கத்தையெல்லாம் வகுத்துப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒருநாள் ஒரு பெட்டி வந்திச்சு. ஒண்ணு, அப்புறம் அஞ்சு ஒன்பது, கட்டத்துக்குள்ள மூணு."

வெண்பலகையில் எழுதினார்: 19,99,993.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்து வாத்தியார் இலட்சக் கணக்கில் கமா போடப் பழக்கியதாகவும், அந்தப் பழக்கம் போகவில்லை என்றும் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"இது முதன்மை எண்ங்க. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டுந்தான் வகுபடும். இருபது லட்சத்துக்குக் கீழ இதுதான் கடைசி. இதுக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவுல உள்ள ரெட்டை எண்ண விட்டுருங்க. மிச்சம் மூணுதான். தொண்ணூத்தஞ்சுல முடியிறது அஞ்சால வகுபடும். தொண்ணூத்தேழுல முடியிறது பத்தொன்பதால. தொண்ணூத்தொன்பதுல முடியிறது பதினேழால. இது மட்டும் எதாலயும் வகுபடாது. ஆயிரத்து நானூத்திப் பதினாலு வரைக்கும் உள்ள எல்லா முதன்மை எண்ணாலயும் வகுத்துப் பாத்திட்டேன். இருநூத்தி இருபத்தி மூணு தடவை. கையால."

முன்வரிசை வங்கி முகாமையாளர் குறுக்கிட்டார். "தம்பி, இதை வச்சு என்ன வாங்கலாம்?" தன் வயதுக்காரரைத் தம்பி என்றார்.

"ஒண்ணும் வாங்க முடியாதுங்க. பிரிச்சுக் குடுக்கவும் முடியாது."

சிரித்தார்கள். அது அவரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. மண்டபம் அவர் பக்கம் ஓர் அங்குலம் சாய்ந்தது எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். இத நாலால வகுத்தா மிச்சம் ஒண்ணு. அந்த மாதிரி முதன்மை எண்ண எடுத்துக்கிட்டா…"

அப்போது ரயில் வந்தது. எங்கள் மண்டபத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது பேச்சாளர் நிறுத்த வேண்டும். கத்தினாலும் கேட்காது. புதியவர்களுக்குச் செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கொட்டாஞ்சேனைக்காரர் கீழ்ப்படிந்து நிறுத்தினார். கையில் பேனாவோடு, வாயில் பாதி வசனத்தோடு நின்றார். அந்த நேரத்தில் நான் என் கணக்கைப் போட்டேன்.

ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. அதனால் ஒரு பெரிய எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, துண்டுகளை மாறி மாறிக் கழித்துக் கூட்டினால், அந்த மூன்றாலும் வகுபடுமா என்று சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். நாற்பது வருடம் வகுப்பில் இதைச் செய்து காட்டிப் பெயர் வாங்கியவன் நான். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். என் கண் கமாவிலிருந்து கமாவுக்குத் தாவும், இலக்கங்களை எண்ணாது. நான் வாழ்ந்த உலகத்தில் கமா எப்போதும் மூன்று இலக்கத்துக்கு ஒன்று.

ரயில் போனதும் எழும்பினேன்.

"மன்னிக்கவேணும், ஒரு சின்ன விசயம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில தொண்ணூற்றொன்பதைக் கழியுங்கோ. பத்தொன்பதைக் கூட்டுங்கோ. தொள்ளாயிரத்துப் பதின்மூன்று. அது பதினொன்று தர எண்பத்துமூன்று, பெருக்கிப் பாருங்கோ. ஆக, உங்கட முதன்மை எண் பதினொன்றால வகுபடுது."

கை தட்டினார்கள்! ஓர் எண்ணுக்கு எங்கள் மண்டபத்தில் விழுந்த முதல் கைதட்டல் அது.

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பதினொன்னால வகுத்தா மிச்சம் ஆறு வருதுங்க சேர்" என்றார் மெதுவாக.

"ஒருகொடவத்தையில வேற விதமா வகுக்கினம் போல" என்றேன்.

இந்த முறை அவரில்லாமல் சிரித்தார்கள். பின்வரிசையில் அவர் மனைவி என்ன நடந்தது என்று தெரியாமல், எல்லோரும் சிரிப்பதால் தானும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

அவர் கைக்குட்டையால் பலகையைத் தானே துடைத்தார். "சேர் சொன்னா சரியாத்தான் இருக்கும். பெரியவங்க நேரத்த எடுத்துக்கிட்டேன்" என்று இறங்கினார். செயலாளர் நன்றியுரையில், அந்த எண்ணின் கூட்டெண் நாலு, ராகுவின் எண், அதனால்தான் வந்தவருக்குச் சரிவரவில்லை என்று ஒரு பகிடியும் விட்டார். அதற்கும் சிரித்தார்கள். அந்த மண்டபத்தில் அத்தனை படித்தவர்கள் இருந்தார்கள், அத்தனை பேரின் பொக்கெற்றிலும் கணிப்பான் உள்ள போன் இருந்தது. ஒருவரும் வகுத்துப் பார்க்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒருவர் பார்த்திருந்தார். தேநீர் வேளையில் கணக்காளர் ஒருவர் என் முழங்கையைத் தொட்டார். போனைக் காட்டினார். நூற்றெண்பத்தோராயிரத்து எண்ணூற்றுப் பதினேழு, பிறகு ஒரு புள்ளி, பிறகு ஐந்து, நாலு, ஐந்து, நாலு.

"சேர், இது வகுபடேல்லை."

"போனைப் பொக்கெற்றில வையும்."

"அந்தாளிட்டச் சொல்லவேண்டாமோ?"

"ரோல்ஸ் ஆறுது. சாப்பிடும் ஐசே."

அவர் சாப்பிட்டார். அடுத்த இரண்டு வருடமும் என்னைத் தலைவராக முன்மொழிந்தவரும் அவர்தான். நேர்மையான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அப்போது கொட்டாஞ்சேனைக்காரர் இன்னும் மண்டபத்தில்தான் நின்றார். பதினைந்து அடி தூரம் இருக்கும். மனைவி ஏதோ கேட்க, அவர் கொப்பிப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் நடந்து போய், "மன்னியுங்கோ, என்ர பிழை" என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது ரோலை எடுத்தேன்.

பிழை எங்கே என்று அடுத்த நாள் காலையில் கண்டுபிடித்தேன். மும்மூன்றாகப் பிரித்தால் 1, 999, 993. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் கழித்தல் ஐந்து. அது அந்த மூன்றில் எதாலும் வகுபடாது. அவருடைய கமாவை என்னுடைய கமாவாகப் பார்த்திருக்கிறேன். என் மாணவன் ஒருவன் இதைச் செய்திருந்தால் கொப்பியை யன்னலால் எறிந்திருப்பேன். நான் செய்தபடியால் காகிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

காலம் போகப் போகக் கதை வளர்ந்தது. ரயில் போகிற நேரத்துக்குள் சேர் பத்து இலக்க எண்ணை உடைத்தார் என்று ஒருவர் சொன்னார். பன்னிரண்டு இலக்கம் என்று இன்னொருவர் திருத்தினார். கொட்டாஞ்சேனைக்காரர் அழாக்குறையாகப் போனார் என்றும் சேர்ந்துகொண்டது. நான் மறுக்கவில்லை. தன்னடக்கத்தோடு சிரிப்பேன். தன்னடக்கம் என்பது பொய்யைக் கையால் தொடாமல் வைத்துக்கொள்ளும் ஒரு முறை என்று எனக்கு இப்போது தெரியும்.

இந்த வருடம் வட்டம் ஒரு மலர் வெளியிடுகிறது. அதில் என்னைப் பற்றியும் ஒரு கட்டுரை. செயலாளர் எழுதி, பிழை பார்க்கச் சொல்லி அச்சுப்படியை எனக்கு அனுப்பினார். மூன்றாம் பக்கத்தில் அந்தச் சம்பவம் இருந்தது. "கணிதம் அறியாத ஒருவர் தமது அறியாமையை அரங்கேற்ற முனைந்தபோது, ஆசான் ஒரே நிமிடத்தில் அதைத் தகர்த்தார்." ஊர், தொழில், வயது எல்லாம் இருந்தன. கொட்டாஞ்சேனையில் யார் வாசித்தாலும் ஆளைத் தெரிந்துவிடும். வாயில் இருந்த பொய் நாளைக்கு அச்சில் வரும். அவருடைய பேரப்பிள்ளைகளும் ஒருநாள் அதை வாசிப்பார்கள்.

மலர் அச்சுக்குப் போகப் பத்து நாள் இருந்தது. கட்டுரையை எடுத்துவிடும் என்று செயலாளருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. ஒரு வாரம் அப்படித்தான் செய்யலாம் என்று நினைத்தேன். அதுவும் அன்றைக்கு மன்னிப்புக் கேட்காமல் எடுத்த அதே ரோல்ஸ்தான் என்று எட்டாம் நாள் விளங்கியது. பழைய கடிதத்தில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு புறக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நெரிசலில் கொண்டக்டர் "சீயா, இஸ்ஸரஹட்ட யன்ன", தாத்தா முன்னுக்குப் போங்கோ, என்று சிங்களத்தில் சொல்லி என்னைத் தள்ளினான். அவன் தள்ளாவிட்டால் அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பியிருப்பேன்.

மூன்றாம் மாடி. மனைவிதான் கதவைத் திறந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கணக்கு சேர்" என்றார் உள்ளே பார்த்து. வாங்க என்று சொல்லவில்லை.

அவர் வந்தார். மெலிந்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். கமாவைச் சொன்னேன், கணக்காளரின் போனைச் சொன்னேன், ரோல்ஸையும் மலரில் வரப்போகும் கட்டுரையையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"அந்தக் கமாதானா?" என்றார். "நான் அத யோசிக்கவே இல்ல சேர். திருப்பி எல்லாத்தையும் வகுத்தேன்."

"எல்லாத்தையுமோ?"

"இருநூத்தி இருபத்தி மூணையும். ரெண்டு மாசம் ஆச்சு."

"பதினொன்றை மட்டும் பார்த்திருந்தால் போதுமே!"

"பதினொன்ன அன்னைக்கே பஸ்ஸுல பாத்திட்டேன். மிச்சம் ஆறுதான். ஆனா அவ்வளவு படிச்ச சேர் பிழை விடுவாரா? எனக்குத் தெரியாத வேற ஏதோ ஒண்ணப் பாத்துத்தான் சொல்றார்னு நெனச்சேன். அதத் தேடினேன்."

இல்லாத ஒன்றை இரண்டு மாதம் தேடியிருக்கிறார். நான் எதையோ அறிந்திருப்பேன் என்ற மரியாதையால் தேடியிருக்கிறார். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"பிறகு ஏன் வந்து சொல்லேல்லை?"

"யார்கிட்டங்க வந்து சொல்றது?" என்று சிரித்தார். "நீங்க சொன்னதுக்காக அது வகுபட்டுறலையே சேர். அது பாட்டுக்கு முதன்மை எண்ணாத்தான் இருக்கு."

மனைவி சுவரில் சாய்ந்து நின்றார். "அதோட கொப்பியத் தொடல" என்றார். "டீவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. இதுக்கா முப்பது வருசம் மண்டைய ஒடைச்சீங்கன்னு அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறங்கி நானும் கேட்டேன். நானும் உங்க கட்சியிலதான் சேர் இருந்தேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா உங்களுக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?"

கணிதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை வைத்திருந்தேன். இதற்கும் விடை தெரியும், சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. ஒன்றும் குறைந்திருக்காது.

ரயில் வந்து நிறுத்திய வசனத்தின் மிச்சத்தைக் கேட்டேன். நாலால் வகுத்தால் மீதி ஒன்று வரும் முதன்மை எண் என்றால் அதற்கு ஓர் அழகான குணம் உண்டு. அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான். இது பழைய தேற்றம், படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த எண்ணுக்கு அந்த இரண்டும் எவை என்பதை ஒருவர் உட்கார்ந்து தேடத்தான் வேண்டும். அவர் உள்ளே போய்க் கடைசிக் கொப்பியை எடுத்து வந்தார். மூன்று வருடத் தூசியை உடுத்தியிருந்த சாரத்தால் துடைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நான் பேனாவை எடுத்து, கொண்டுபோன அச்சுப்படியின் பின்பக்கத்தில் பெருக்கிக் கூட்டினேன். இந்த முறை இலக்கம் இலக்கமாக, கையால். சரியாக வந்தது. அவர் என் பேனா நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை நிமிர்த்தியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

மண்டபத்துக்கு வந்து பேசும்படி கேட்டேன். "இன்னொருக்கா அந்தப் படி ஏற மாட்டேன் சேர்" என்றார். மலரில் அந்தக் கட்டுரையை நிற்பாட்டுகிறேன் என்றேன். மனைவி இடைமறித்தார். "நிப்பாட்டுனா யாருக்குத் தெரியும்? சிரிச்சவங்க படிக்கணும்." கணவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எண்ண எழுதினா கமாவ நான் போடுற மாதிரியே போடுங்க சேர்."

அந்தக் கட்டுரைக்குப் பதிலாக நான் எழுதிக் கொடுத்த இதைச் செயலாளர் ஏற்க மறுத்தார். "சேர், மலர் ஒரு சந்தோசமான விசயம். இதுக்குள்ள இப்பிடி ஒண்டு என்னத்துக்கு? சனம் மறந்திட்டுது."

"மறந்ததையா நீர் மூன்றாம் பக்கத்தில எழுதினனீர்?"

"அதில்லை சேர், உங்கட பேரும்…"

"இதைப் போடும். இல்லாட்டி என்ர படத்தையும் எடுத்துவிடும்."

படம் அட்டையில் போய்விட்டதாம், அதனால் சம்மதித்தார். அட்டையைத் திரும்ப அடிக்க அவருக்கு மனமில்லை என்பதால் இந்தப் பக்கங்களை நீங்கள் வாசிக்கிறீர்கள். இலட்சக் கமாவைப் பிழை என்று நினைத்து அச்சகத்தில் திருத்திவிடுவார்கள் என்று அஞ்சி, அச்சுப்படியில் இரண்டு முறை சிவப்பால் கோடிட்டு, "இப்படியே இருக்கட்டும்" என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் இப்போது உங்கள் போனை எடுக்கலாம். அன்றைக்கும் எடுத்திருக்கலாம். அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான்:

19,99,993 = 1128 × 1128 + 853 × 853